அத்தைக்கு மறதி நோய்: வீட்டுக்கு வந்து குடும்பத்துக்குப் பயிற்சி தருவதால் பயன் உண்டா?

திருச்சியிலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறார். அத்தைக்கு 74 வயது. அல்சைமர் என்று போன வருடம் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். குளிக்க மறுப்பது, சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவது, "என் வளையலை எடுத்துட்டா" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வது, இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கே வந்து குடும்பத்துக்குப் பயிற்சி தருவதாக இப்போது ஒருவர் சொல்கிறாராம். அதற்குக் கட்டணம் உண்டு. கணவருக்கு ஷிப்ட் வேலை, நாத்தனார் கோவையில், கொழுந்தனார் சிங்கப்பூரில். "இதற்குப் பணம் கொடுப்பது சரியா? யாரை நம்புவது?" என்பது கேள்வி.

மனநல சமூகப் பணியாளராகப் பதினெட்டு வருடமாக இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் வருகிறேன். நல்ல பயிற்சி கிடைத்தால் பயன் நிச்சயம் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி உங்கள் ஒருவருக்கு மட்டும் என்றால் பாதிப் பலன்தான் கிடைக்கும். பார்த்துக்கொள்பவரை மட்டும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால், ஏற்கெனவே எல்லாவற்றையும் சுமப்பவர் இன்னும் திறமையாகச் சுமக்கக் கற்றுக்கொள்வார். சுமை அப்படியே இருக்கும். வீடு முழுவதும் உட்கார வேண்டும்.

முதலில் மாத்திரையைப் பற்றி. டோனெபெசில், மெமன்டின் போன்றவைதான் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. சிலருக்கு அவை கொஞ்ச காலம் கைகொடுக்கும். ஆனால் அத்தையைக் குளியலறைக்குள் வரவைக்க எந்த மாத்திரையாலும் முடியாது. டாக்டரைக் குறை சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, உங்கள் வீட்டுக் குளியலறை எப்படி இருக்கிறது என்று அவரால் கேட்க முடியாது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டில் இருக்கும் ஒரு பெண். அவருக்கு யாரும் எதுவும் கற்றுத் தருவதில்லை. நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பலர் கேட்பதே இல்லை.

பயன் உண்டு என்று சும்மா சொல்லவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர் 1987இல் தொடங்கி, அல்சைமர் உள்ளவரைப் பார்த்துக்கொண்ட 406 கணவன் மனைவியரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள் தந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்பவர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் சேர்த்தார்கள், தேவைப்பட்டபோது போனில் பேசினார்கள். அவ்வளவுதான். அந்த வீடுகளில், நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஏறக்குறைய ஒன்றரை வருடம். இதில் நான் எல்லோரிடமும் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆறு அமர்வுகளில் நான்கு, மற்ற உறவினர்களையும் சேர்த்து உட்கார வைத்து நடத்தியவை. தனியாகப் பேசியது இரண்டே முறை.

அது அமெரிக்கா, நம் ஊருக்குச் சரிவருமா என்று கேட்பீர்கள். கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2008இல் வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம், குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மனநல மருத்துவரும் ஒரு ஆலோசகரும் இருந்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. நோயாளிகளின் நடத்தையில் அந்த அளவுக்கு உறுதியான மாற்றம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியால் அத்தை பழைய அத்தையாகிவிட மாட்டார். நீங்கள் உடைந்துபோகாமல் இருப்பீர்கள். லண்டனில் பார்த்துக்கொள்பவர்கள் 260 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், எட்டே அமர்வுகளின் பலன் ஆறு வருடம் கழித்தும் தெரிந்தது. அதை நடத்தியவர்கள் உளவியல் பட்டம் முடித்த இளைஞர்கள்தான். ஆகவே வருபவர் பெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை. முறை தெரிந்தவராக, மேலே யாரிடமாவது கேட்டுத் தெளிவு பெறக்கூடியவராக இருந்தால் போதும்.

சரி, அவர் வீட்டுக்கு வந்து என்ன செய்ய வேண்டும்? மூளைப் படத்தைக் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினால் அது வகுப்பு. நோயைப் பற்றி ஒரு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு சிக்கலை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொண்டு கூடவே நின்று செய்து பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவும் குளிக்க மாட்டார். கையைக் கிள்ளுவார், கத்துவார். மருமகளின் முழங்கை முழுக்க நகக்கீறல். "பிடிவாதம் மேடம், முன்னாடியிருந்தே அப்படித்தான்" என்றார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்து, ஒரு வாரம் மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொன்னேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள். வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால், குளியலறை வரை எல்லா நாளும் ஒழுங்காக வந்திருக்கிறார். சேலையை அவிழ்த்து முடித்த பிறகுதான் அடி, கிள்ளு, கத்தல்.

அந்த அம்மா பிறந்தது ஆற்றங்கரை ஊரில். வாழ்நாள் முழுவதும் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்தவர். மருமகளோ எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, கை ஷவரைத் திறந்திருக்கிறார். எதிரே நிற்கும் பெண் யார் என்று அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தன்னை உரித்து நிறுத்தித் தண்ணீரைப் பீய்ச்சுகிறாள் என்றால் யார்தான் கிள்ள மாட்டார்கள்? பாவாடையை ஏற்றிக் கட்டினோம். ஷவரை விட்டுவிட்டு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கையில் பழைய பித்தளைச் சொம்பு. முதல் சொம்பு காலுக்கு. இரண்டாவது சொம்பை அவரே எடுத்து ஊற்றிக்கொண்டார். முதுகு தேய்க்க மட்டும் மருமகள். தலைக்குக் குளிப்பதைத் தனி நாளுக்கு மாற்றினோம். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பதையும் விட்டோம், மற்ற நாளில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மூன்றாவது வாரம் நான் போனபோது மருமகளின் கையில் பழைய தழும்புகள்தான் இருந்தன.

இதை எந்தப் புத்தகமும் அந்த மருமகளுக்குச் சொல்லியிருக்காது. அவர் வீட்டு நோட்டுதான் சொன்னது. பயிற்சி என்பது இதுதான். உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். வழவழப்பான தரை, இருட்டு, கண்ணாடியில் தெரியும் வேற்று முகம், மலச்சிக்கல், மூட்டு வலி. வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் அடித்துத்தான் சொல்வார்கள்.

சாயங்காலம் "வீட்டுக்குப் போகணும்" என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. "இதுதானே அத்தை உங்க வீடு, நாற்பது வருஷமா இங்கதானே இருக்கீங்க" என்று நீங்கள் நிரூபிக்க நிரூபிக்க அவருக்குப் பதற்றம் கூடும். அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் அம்மா இருந்த வீடு, பயமில்லாமல் இருந்த இடம். "போகலாம் அத்தை, யாரு யாரு இருப்பாங்க அங்க?" என்று அந்த வீட்டைப் பற்றியே கேளுங்கள். பேசிக்கொண்டே ஒரு டம்ளர் காபி. முடிந்தால் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். விளக்கை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இப்படிப் பேசுவது பொய் இல்லையா என்று பலர் என்னிடம் மனம் நொந்து கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஊருக்கு நிச்சயம் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுப்பதை நானும் தவிர்க்கத்தான் சொல்வேன். ஆனால் அவர் மனதில் இருக்கும் ஊரைப் பற்றி அவரோடு பேசுவதில் என்ன பொய் இருக்கிறது?

வளையல் விஷயம்தான் மிகவும் வலிப்பது. பத்திரமாக எங்கோ வைத்தார், வைத்தது நினைவில்லை, வளையலைக் காணோம், அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். எப்போதும் கூடவே இருப்பவர் நீங்கள். ஆகவே நீங்கள். நோய் போடும் கணக்கு அப்படி. அதிகமாகப் பார்த்துக்கொள்பவர்மேல்தான் பழி விழும். எதிர்த்து வாதாடாமல் "வாங்க, ரெண்டு பேரும் தேடலாம்" என்று கூடச் சேர்ந்து தேட வேண்டும். அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் இடம் இரண்டு மூன்றுதான் இருக்கும், அரிசி டப்பா, தலையணை உறை, சாமி அலமாரி மாதிரி. நிஜ நகையை எடுத்து வைத்துவிட்டு கவரிங் வளையல் போட்டுவிடுவதும் நல்லது.

ஆனால் இதையெல்லாம் நீங்கள் கற்றுக்கொண்டு, கோவையிலிருந்து வரும் நாத்தனார் கற்றுக்கொள்ளாவிட்டால்? வருடத்துக்கு இரண்டு முறை, இரண்டு நாள் வருகிறார். வந்தவரைப் பார்த்ததும் அத்தை நன்றாகப் பேசுவார், சிரிப்பார். புதிதாக வருபவர்கள் முன்னால் கொஞ்ச நேரம் சமாளித்துக்கொள்வது இந்த நோயில் சகஜம். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீங்கதான் பெரிசு பண்றீங்க" என்பார். வளையலைப் பற்றிக் காதில் விழுந்தால் மனதுக்குள் ஒரு சந்தேகமும் வரும். இதில் உடைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டவள்தான் கடைசிவரை கெட்ட பெயரோடு நின்றாள்.

அதனால்தான் குடும்ப அமர்வை வற்புறுத்துகிறேன். வெளியாள் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, "திருட்டுப் பழி இந்த நோயின் அறிகுறி, உங்கள் அண்ணியைப் பற்றிய தகவல் அன்று" என்று மகளிடமே சொல்ல வேண்டும். அதை நீங்கள் சொல்ல முடியாது, உங்கள் கணவராலும் முடியாது. அப்புறம் வேலையைப் பிரிக்க வேண்டும், அதுவும் பொதுவாக இல்லாமல் நாள், கிழமை, தொகை குறித்து. இரவில் அவர் எழுந்தால் எந்தெந்த நாள் யார் எழுவது. சிங்கப்பூர் கொழுந்தனார் பணம் அனுப்புவதோடு, டாக்டர் சந்திப்பு, மருந்து வாங்குவது, ஆள் ஏஜென்சியோடு பேசுவது மாதிரி போனிலேயே முடியும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். நாத்தனார் அம்மாவைக் கோவைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் ஒத்துக்கொள்வதற்கு முன் யோசியுங்கள். இடம் மாறினால் குழப்பம் கூடும், கழிவறை எங்கே என்பதுகூடத் தெரியாது. அதற்குப் பதில் நாத்தனார் உங்கள் வீட்டில் வந்து பத்து நாள் தங்கட்டும், நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். நான் பார்த்தவரை, அந்தப் பத்து நாளுக்குப் பிறகு யாரும் "பெரிசு பண்றீங்க" என்று சொன்னதில்லை.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். வருபவர் முதல் நாளே உங்களைப் பார்த்து "நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்" என்று கேட்டால் அவருக்கு வேலை தெரியும். பி12, தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா, காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்று விசாரித்தால் இன்னும் நல்லது. எத்தனை முறை வருவார், முடிந்த பிறகு போனில் கூப்பிடலாமா, எந்த மருத்துவரோடு தொடர்பில் இருக்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். குணமாக்கிவிடுகிறேன் என்பவரையும், நினைவாற்றல் பொடி விற்பவரையும், தன் ஏஜென்சி ஆளையே வைக்க வேண்டும் என்பவரையும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கட்டிப்போடச் சொல்பவரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தூக்க மருந்து, மனநோய் மருந்து கொடுத்து அமைதியாக்கலாம் என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. சில நேரம் தேவைப்படலாம், ஆனால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, டாக்டரின் கண்காணிப்பில். இன்னொன்று, ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, கீழே விழுந்து தலையில் பட்ட அடி, இவையெல்லாம் அப்படித்தான் காட்டும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. இதைச் சொல்லித் தராத பயிற்சியாளர் பயிற்சியாளரே இல்லை.

கட்டணம் கட்டுப்படி ஆகாவிட்டாலும் வழி இருக்கிறது. உங்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சென்னையில் ஸ்கார்ப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தின் டெம்கேர்ஸ் மையம் இந்த நோய்க்கென்றே இயங்குகிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். அத்தைக்காக மட்டும் இல்லாமல் உங்களுக்காகவும் கூப்பிடலாம். முதியோருக்கான உதவி எண் 14567. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு நிறுத்திவிடாமல் இதையும் சொல்லுங்கள். படுக்கையில் விழுந்த பிறகு இயன்முறை சிகிச்சைக்கும் வலி நிவாரணப் பராமரிப்புக்கும் அவர்கள்தான் முதலில் வரக்கூடியவர்கள்.

வீட்டில் ஆள் வைத்தால், பயிற்சி நாளில் அவரும் உட்காரட்டும். பாவாடையும் சொம்பும் அவருக்குத் தெரியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

காகிதங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். பிறகு நீதிமன்றம் போய்த்தான் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். அத்தைக்குப் புரிந்து கையெழுத்துப் போடும் தெளிவு இன்னும் இருந்தால், வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, நாமினி, உயில் ஆகியவற்றை ஒரு வக்கீலை வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியச் செய்துவிடுங்கள். தெரியாமல் செய்தால் வளையல் கதைதான் பெரிய அளவில் நடக்கும்.

கேள்வியின் கடைசியில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியை நான் இங்கே சொல்லாமல் விட்டேன். "சில ராத்திரி இவங்க போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது, நான் கெட்டவளா?" என்று கேட்டிருந்தீர்கள். இதே வார்த்தையை மகன்களும் மகள்களும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆள் கண்ணெதிரே இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த ஆள் போய்விட்டார். அழுவதற்குச் சாவும் நடக்கவில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தே எழுதியிருக்கிறார். நீங்கள் கெட்டவர் இல்லை, தூக்கமில்லாதவர். ஆனால் அந்த நினைப்பு தினமும் வந்தால், பசி போனால், உங்களையே முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், அத்தையின் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உங்களுக்கென்று ஒரு டாக்டரை இந்த வாரமே பாருங்கள். அன்று இரவே என்றால் 14416.

பயிற்சியாளரை வரச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, குளியலை மட்டும் ஒரு வாரம் எழுதிவையுங்கள். தேதியை நாத்தனாரின் விடுமுறையைப் பார்த்து வையுங்கள். கூப்பிடுவது உங்கள் கணவராக இருக்கட்டும். நாத்தனாரால் வர முடியாவிட்டால், அவரையும் கொழுந்தனாரையும் சேர்த்து வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டுத்தான் அந்த முதல் அமர்வைத் தொடங்க வேண்டும்.